குளிர்ந்திருந்த நான்கு டிரம்கள்

செவ்வாய்க் கிரகம், நாள் 211. 09:10. முகாம்.
பழைய நான்கு சக்கர இழுவை வண்டி. மின்கலம் 92 விழுக்காடு. வலது முன்சக்கரம் நேற்று மாற்றப்பட்டது. மற்ற மூன்றும் தேய்ந்தவை. ஓட்டுபவர் தெய்வசிகாமணி, உப்பு ஆய்வாளர், வயது 67.
நிலவியலாளர் செண்பகவல்லியின் கூடாரத்தில் காற்று இயந்திரம் நின்றுவிட்டது. அவருக்குக் கால் முறிந்திருக்கிறது, நடக்க முடியாது. இருக்கும் காற்று 16:40 வரை. ஆறு காற்று உருளைகளோடு போகிறேன். 31 கி.மீ. சமவெளி, பிறகு பள்ளத்துக்குள் சரிவு, அதன் அடியில் அவர் கூடாரம். வேறு வண்டி இல்லை. மெக்கானிக் இருதயராஜுக்குக் கண் அறுவை ஆகி மூன்று நாள்தான். எனவே நான்.

11:05. உப்புச் சமவெளி.
வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. வளைத்தால் முனகுகிறது. மின்கலம் இரு மடங்கு வேகத்தில் இறங்குகிறது. பிரேக் விடாமல் பிடித்தால் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேற வேண்டும். இறங்கி வெப்பமானி வைத்தேன். நான்கு டிரம்களும் குளிர்ந்தே இருந்தன. வெப்பமானி பழுதோ? நான் வைத்த விதம் தவறோ?
முகாமைக் கேட்டேன். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.
இருதயராஜ்: "பிரேக் பிடிக்குது சார். சத்தத்துலயே தெரியுது. நாலு வீல்லயும் பிரேக் ஷூவத் தளத்தி விடுங்க."
நான்: "டிரம் சூடா இல்லையேப்பா."
இருதயராஜ்: "இந்தக் குளிர்ல என்னத்த சார் சூடாகும்? முப்பது வருசமா வண்டிக்கு அடியிலதான் கெடக்கேன்."
செண்பகவல்லி: "ரெண்டு பேரும் சம்பந்தம் பேசுற மாதிரி இழுக்காதீங்க. நான் இங்க மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன்."
அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

12:20.
நான்கையும் தளர்த்தினேன். ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூக்களைத்தான் அழுத்தும், அதுவும் போயிற்று. இழுவை மட்டும் போகவில்லை. திரும்ப இறுக்க ஒரு மணி நேரமாகும். கீழ்க்கியர் போட்டால் பிரேக் இல்லாமலே இறங்கலாம் என்கிறார் இருதயராஜ். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

13:50. சரிவின் பாதி.
தவறு என்னுடையது. முன்சக்கரங்களைப் பின்சக்கரங்களோடு இணைக்கும் லிவர் போட்டபடியே இருக்கிறது. மணலில் மட்டும் போட வேண்டியது. பயந்தவன், நான் அதை எடுப்பதே இல்லை. புதுச் சக்கரம் பெரியது. தேய்ந்தவற்றோடு சேர்ந்து சுற்ற முடியாமல் முன் அச்சுத்தண்டும் பின் அச்சுத்தண்டும் எதிரெதிராக முறுக்கேறியிருக்கின்றன. இழுத்தது அந்த முறுக்கு. பிரேக்குகள் நன்றாகவே இருந்தன. வெப்பமானியும்.
லிவர் அசையவில்லை. மோட்டாரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டேன். பிரேக் இல்லாமலே வண்டி நிற்கிறது. நல்லது.
இந்தச் சரிவுக்குக் கீழே இன்னும் செங்குத்து. பிரேக்கை இறுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். மலைப்பாதை பஸ்காரர்கள் செய்வதுபோல் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் வைத்தேன். முதலில் வலது முன்சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கப் போகிறேன்.

14:22.
வண்டி போய்விட்டது.
சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் சட்டென்று முன்னோக்கிச் சுழன்றது. முறுக்கு மொத்தமும் அவிழ்ந்தது. இவ்வளவு நேரம் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த முறுக்குதான். ஜாக்கி சாய்ந்தது. கல் நொறுங்கியது. அது கல் இல்லை, உப்புக்கட்டி. நாற்பது வருடம் உப்பைப் படித்தவன் நான்.
கையுறைத் திரையில் எழுதுகிறேன். உடையின் ரேடியோ அரை கிலோமீட்டர்கூடப் போகாது. வண்டியின் ரேடியோ வழியாகத்தான் இதுவரை பேசினேன். அவர்களுடைய ரேடியோக்கள் வலுவானவை, பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது.
சக்கரத் தடம் நேராகக் கூடாரம்வரை போகிறது. எல்லாப் பயணங்களிலும் நாங்களே பதித்த பள்ளம். வண்டி அதை விட்டு விலகவில்லை.

14:25.
செண்பகவல்லி: "சார், வண்டி தெரியுது! அடேயப்பா, நீங்களா இந்த ஓட்டு ஓட்டுறீங்க?"
கத்திப் பார்த்தேன். கைகளை ஆட்டினேன். கூடாரத்துக்கு நான்கு கிலோமீட்டர்.

14:27.
"போதும் சார், மெதுவா வாங்க. இன்னும் நேரம் இருக்கு."
ஓடுகிறேன். விழுந்து எழுந்தேன். ஓடி என்ன

14:28.
"சார், கொஞ்சம் ஒதுங்குங்க. நேரா என் மேலயே வர்றீங்க. சார், பிரேக்... பிரேக்கப் போடுங்க சார்"

14:31.
கீழே தூசி. இன்னும் அடங்கவில்லை.
இருதயராஜ்: "சார், போய்ச் சேந்துட்டீங்களா? பிரேக் இப்ப ஃப்ரீயா இருக்குல்ல?"

14:40.
நான்காவது தடவையாகக் கேட்கிறார்