பலகையின் முதுகில்

பிப்ரவரி 1974

அன்புள்ள க்ளைவ்,

நலமா? இன்று இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

சுரங்க வேலைநிறுத்தத்தால் இங்கே ஆலைக்கு இன்னும் வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம், மூன்று நாள்தான் வேலை. உன் அம்மாவுக்கு நிலக்கரி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று நம் புதுக் காரின் முதல் வண்டியைச் சோதனைக்காகச் சுவரில் மோதவிட்டார்கள்.

கட்டியவர்கள் எல்லோரையும் பேருந்தில் கூட்டிப்போனார்கள். சாண்ட்விச், பிளாஸ்கில் தேநீர். சுற்றுலா மாதிரி. ஓட்டுநர் இருக்கையில் ஆளுயரப் பொம்மை. "உன் புருஷனைவிட அடக்கமா உக்காந்திருக்கான் பாருடி மொரீன்" என்றாள் இருக்கைத் தையல் பிரிவு ஐவி. நானும் சிரித்தேன்.

பிறகு சத்தம். இரண்டு வருட வேலைக்கு அது சின்னச் சத்தம்.

அருகே போனோம். முன்பக்கத் தகடு மடங்கியிருந்தது. மடங்கத்தான் வேண்டுமாம். ஆனால் ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் முன்பலகை. என் முகம் தெரியும்வரை நான் மெருகேற்றிய வால்நட் மரம். நீளநீளமாகப் பிளந்து, ஒரு கூரிய சிம்பு பொம்மையின் நெஞ்சில் குத்தி நின்றது.

பொருத்துவதற்கு முன் பலகையின் முதுகில் பென்சிலால் பெயர் எழுதுவோமே, யாரும் ஒருநாளும் பார்க்கப்போகாத இடத்தில். சிம்பு புரண்டிருந்தது. மொரீன். என் கையெழுத்து.



நீ அங்கே ஸ்வீடன் பனியில் ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது வண்டிக்கும் அதே மரம். ஒரே அடிமரத்தில் அறுத்தது. தகட்டின்மேல் மெல்லிசாக ஒட்டினால் அது பொய் மரம், முழு மரம்தான் வேண்டும் என்று வடிவமைப்பாளர் ஹாலம் பிடிவாதம் பிடித்தாரே, நாமும் கைதட்டினோமே.

அவரிடம் ஓடினேன். "அறிக்கை வரட்டும்மா. அடுத்த மாசம் கார் கண்காட்சி. உன் ஆளு அங்க குளிரைத்தானே சோதிக்கிறான், சுவரையா?" என்றார். அங்கே மரங்கள் இல்லையா, சாலைக்கு மான்கள் வராதா என்று கேட்காமலே திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

தந்தி அடித்தால் விளையாட்டு என்று நினைப்பாய். நாளை உதிரிபாகங்களோடு விமானம் ஏறும் ரோனியிடம் இதைத் தருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முன்பலகைக்கு அடியில் கைவிட்டுப் பார். நான்கு திருகாணி. கழற்று. கம்பிகள் தொங்கட்டும், வண்டி அசிங்கமாக இருக்கட்டும், ஹாலம் என்னை வேலையைவிட்டு அனுப்பட்டும்.

அந்தப் பலகையின் முதுகிலும் நான் இருக்கிறேன் க்ளைவ், உன் நெஞ்சுக்கு நேராக. என்னைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டு.

முழுசாக வீடு வந்து சேர்.

உன்
மொரீன்