அந்தத் தகட்டில் என் முத்திரை இல்லை

கெல்சென்கிர்ச்சன்,
ஞாயிறு மத்தியானம்

அன்பான சேயோன்,

நீங்களும் மாமியும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் சொன்னால் இடையில் புகுந்து கதைப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் வேலை போய்விட்டது. நீங்கள் இங்கே என்னோடு வந்து சேருவதற்கான விசா என் சம்பளத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்று போனில் பாதிதான் கேட்டீர்கள். எங்கள் பட்டறை செய்வது அமுக்கத் தொட்டிகள். காற்றையோ நீராவியையோ நெருக்கி அடைத்து வைக்கும் உருக்குத் தொட்டிகள். அதில் சேரும் ஒவ்வொரு தகடும் எந்த ஆலையில், எந்த வார்ப்பில் வந்தது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதைக் காட்டும் எண் தகட்டின் ஒரு மூலையில் இருக்கும். வெட்டுவதற்கு முன் அதை ஒவ்வொரு துண்டிலும் குத்தி, பக்கத்தில் என் முத்திரையை அடிப்பேன். அந்த உரிமை அங்கே எனக்கு மட்டும்தான்.

கோயில் தேருக்கு நான் லீவில் நின்ற அன்று, அவசரமென்று தகட்டை வெட்டிவிட்டார்கள். எண் இருந்த மூலை கழிவு இரும்போடு போய்விட்டது. அடுத்த நாள் முதலாளி வந்து, அதே தகடுதான், எண்ணைக் குத்து என்றார். அதே தகடாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அமுக்கத்தைத் தாங்காத வேறு தரத் துண்டுகளும் கலந்து கிடந்தன. சோதனைக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் புதுத் தகடு எடுப்போம் என்றேன். தொட்டிக்குச் சொல்லிவைத்த பால் ஆலைக்காரர் காத்திருக்க மாட்டார்கள் என்று கத்தினார். நீ கோயிலுக்குப் போனதால்தான் இவ்வளவும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டச் சொன்னது நானுமில்லை, அம்மனுமில்லை என்று அவருடைய டொச் மொழியிலேயே சொல்லிவிட்டு, வெளியிலிருந்து வரும் பரிசோதகருக்கும் அறிவித்தேன். எனக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபமாகப் போயிற்று.

இதை அன்று போனில் சொல்லத் தொடங்கவே, "குத்திப்போட்டு விடுமன், ஆருக்குத் தெரியப்போகுது" என்றீர்கள். பின்னால் நின்ற மாமி, "ஒரு இரும்புத் துண்டுக்காக என்ரை பிள்ளையை அங்கை வரவிடாமப் பண்ணாதை" என்றா. அவவின் ஏக்கம் விளங்குகிறது. உங்களோடுதான் எனக்குக் கோபம். அந்தத் தொட்டியடியில் நாள் முழுக்க ஒரு மனிதர் நின்று வேலை செய்வார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளிடம் போய் இதைச் சொல்வீர்களா?

நாளைக்கு டோர்ட்மண்டில் ஒரு இடத்தில் வேலைக்காகக் கதைக்கப் போகிறேன். ஏன் நிற்பாட்டினார்கள் என்று கேட்டால் ஒளிக்க மாட்டேன். அது பிடித்தால் எடுக்கட்டும். அதுவரை தூதரகத்தில் எடுத்த டெர்மின் திகதியைத் தள்ளிவையுங்கள். இரவில் தனியாகச் சாப்பிட்டு எனக்கும் அலுத்துவிட்டது, அழுதும் விட்டேன். ஆனாலும் திரும்பக் கேட்டாலும் குத்த மாட்டேன்.

மாமியை மருந்தை விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

இதை வாசித்ததும் எனக்குப் போன் எடுங்கள். விசாவைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். முதலில், "நீர் செய்தது சரி, கம்சனா" என்று ஒருக்கா சொல்லுங்கள். சொல்ல ஏலாதென்றால், சொல்ல ஏலும் நாள்வரை எடுக்க வேண்டாம். நான் காத்திருப்பேன்.

இப்போதும் உங்கள்,
கம்சனா