பாதியில் எழுந்து வந்த படம்

ஆவணி 8, ஞாயிறு

மதினியை டவுணுக்கு சினிமா பார்க்கக் கூட்டிப்போனேன். பட்டாளத்தில் அண்ணன் இறந்தபின் அவள் தியேட்டர் பக்கமே போனதில்லை. சிரிப்புப் படம் என்றார்கள். போர்ப் படம் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

குண்டு விழுந்தால் கல்யாண மேளம் கேட்கிறது. அறுந்து கிடக்கும் எந்தக் கால் எந்தச் சவப்பெட்டிக்கு என்று சிப்பாய்கள் சண்டை போடுகிறார்கள். முன்வரிசையில் விசில். பின்னால் ஒருவர், "சாவுல என்னவே சிரிப்பு?" என்று எழுந்து போனார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனின் பெட்டியை எங்களைத் திறக்கவே விடவில்லை. பக்கத்தில் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். "வாங்க மதினி, போவோம்" என்று வெளியே கூட்டிவந்துவிட்டேன்.

"எதுக்குத் தம்பி கூட்டிட்டு வந்திய? சிரிப்பை அடக்க முடியாமல்லா வாயைப் பொத்துனேன்" என்றாள். "லீவுல வந்தா உங்க அண்ணன் சண்டைக் கதையை இப்படித்தான் சொல்லுவாவ. வயிறு வலிக்கச் சிரிப்போம்."

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் அண்ணன் அப்படி ஒரு கதையும் சொன்னதில்லை.

பட்டாளத்தில் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால் அண்ணன், "அங்கன ரொம்பக் குளிரும்மா" என்று மட்டும்தான் சொல்வான். அம்மாவும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொடுத்து அனுப்பினாள்.