சம்பந்திக்கு வாங்கிய துடுப்புச் செருப்பு

சம்பந்தி,

நேற்று கொசுவலை தேடிப் பரணில் ஏறினேன். மூட்டையை நகர்த்தியதுமே ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. ராமநாதபுரத்தில் பைப்பும் வாஷரும் விற்றே தலை நரைத்தவன் நான். எந்த ரப்பர் எதற்கு ஆகும் என்று மூக்கே சொல்லிவிடும். இது கடைச் சரக்கு இல்லை. உங்களுக்கென்று கடல் கடந்து வந்து, உங்களுக்குப் பொருந்தாமல் போன அந்த ஜோடி. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "கொசுவலை கெடைச்சுச்சா?" என்று கேட்டாள். "இல்லை, சம்பந்தி கெடைச்சாரு" என்றேன். ஏணியை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் இறங்குவதற்குப் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் சம்பந்திகளானது ஒரு முகூர்த்தத்தில். பகையாளிகளானது அடுத்த பந்தியில். மாப்பிள்ளையின் அப்பாவைப் பெண்ணைப் பெற்றவன் கைகூப்பிச் சாப்பிட அழைக்க வேண்டும். அழைக்காமல் அவர் இலையில் உட்கார மாட்டார். இது நம் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என் மச்சினன் அழைத்திருப்பான் என்று நான் நினைத்தேன். நான் அழைத்திருப்பேன் என்று மச்சினன் நினைத்தான். இரண்டு பேரும் போய் அழைத்தார்கள் என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் பந்தல் கால் ஓரமாக, தோளில் துண்டோடு, பந்தி மாற்றிப் பந்தி எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு துண்டை உதறினீர்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தபோது உத்தரகோசமங்கை பஸ்ஸின் புகைதான் மிச்சம் இருந்தது.

அதன் பிறகு நான் உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தேன்! தாம்பூலத் தட்டோடு வந்தேன், பெரிய மனிதர்களோடு வந்தேன். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மரியாதையில் குறை வைத்ததும் இல்லை. தொழுவத்தில் நின்ற கன்றுக்குட்டியைப் பார்த்து, "வந்தவுகளுக்கு மோரு குடுக்கச் சொல்லு" என்பீர்கள். எனக்கும் ரோஷம் இருக்காதா? நானும் கன்றுக்குட்டியிடமே, "மோரு நல்லா இருக்குன்னு சொல்லு" என்பேன். இரண்டு வருஷத்தில் நம் இரு குடும்பத்து நல்லது கெட்டதையும் முழுக்க அறிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. உங்கள் மகன் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பியிருந்தார். அவள் உங்கள் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று என் வீட்டுக்காரி பழைய வேட்டியெல்லாம் கிழித்துத் துவைத்து மடிக்கத் தொடங்கினாள். போனில் மகள் ஒரே போடாகப் போட்டாள். "அய்யா, மாமா வாயைத் தொறந்து உங்கக்கிட்ட 'கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லணும். கன்னுக்குட்டிக்கிட்ட சொன்னா வர மாட்டேன். ரெண்டு பேரும் இப்பிடியே இருந்தா நான் இங்கனயே பெத்துக்கிறேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள். பிடிவாதம் என் வீட்டிலிருந்து போன சீர். என் வீட்டுக்காரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "கால்ல விழுந்தாவது பேச வைங்க" என்றாள். விழுவதற்கு நான் தயார். காலைக் காட்டுவதற்கு நீங்கள் தயாராக இல்லையே.

அந்தக் கால் வேறு வழியில் வந்து சேர்ந்தது. மோட்டார் இழுக்கவில்லை, கிணற்றுக்குள் குழாயின் அடிமுனை ஃபுட்வால்வில் சண்டு சருகு அடைத்துக்கொண்டது என்றால் உங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாம் உங்களைத்தான் கூப்பிடும். நிலபுலன் உள்ள ஆள், அந்த வயதில் கிணற்றில் குதிக்க வேண்டிய தலையெழுத்து இல்லை. ஆனால் உங்களுக்கு அடியில் கிடப்பதில் ஒரு ருசி. மேலே நிற்பவர்கள் அரண்டு போய்க் கத்தத் தொடங்கும் நேரம் பார்த்துச் சேறும் சிரிப்புமாக வருவீர்களாம். இதெல்லாம் மகள் சொன்னது. புதிதாகச் சொன்னது இன்னொன்று. டிவியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் சிலிண்டர் இல்லாமல், காலில் மீன் வாலைப் போல நீளமாக எதையோ மாட்டிக்கொண்டு நீலக் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தீர்களாம். அதிலிருந்து கட்டிலில் குப்புறப் படுத்து இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்களாம். சங்கு குளிக்கிறவர்கள் தகடு கட்டுகிறார்களே என்று எண்ணெய் டின்னை வெட்டிக் காலில் கட்டிக் குதித்து, கணுக்காலைக் கிழித்துக்கொண்டு ஊசி போட்டு வந்தீர்களாம்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஊரில் சம்பந்திக்கு மோதிரம் போடுவான், வாட்ச் கட்டுவான். நான் மீன் வால் கட்டப் போகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த டீச்சரம்மாவிடம் போனேன். அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். இத்தாலியில் ஒரு கம்பெனி. அந்த மீன் வாலுக்குப் பெயர் ஃபின். அந்தப் பக்கத்தில் படத்தைவிட எழுத்து அதிகம். தொளதொளவென்று இருந்தால் தண்ணீருக்குள் கழன்றுவிடும், இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதனால் சாயங்காலம் வெறுங்காலைச் சுவரோடு ஒட்டிக் காகிதத்தில் வைத்து அளவெடுங்கள் என்று போட்டிருக்கிறது என்று அவர் வாசித்துச் சொன்னார். "வெறுங்காலை அளக்கணுமாம் சார்" என்று இரண்டு தடவை சொன்னார். பேச்சுவார்த்தையே இல்லாத சம்பந்தியிடம் போய், காலை நீட்டுங்கள், அளக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இத்தாலிக்காரனுக்குச் சம்பந்தி என்றால் என்னவென்று தெரியுமா?

மகளிடம் சொன்னேன். நீங்கள் மதியம் தூங்கும்போது வாசலில் கிடந்த உங்கள் செருப்பைத் தினத்தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, ராமநாதபுரம் வந்த ஆளிடம் கொடுத்துவிட்டாள். பார்த்ததும் அசந்துபோனேன். இத்தனை பெரிய காலா! மனிதர் சாதாரண ஆள் இல்லை என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பேங்கில் தலையில் கட்டிய கிரெடிட் கார்டு ஒன்று பீரோவில் உறங்கியது. அதற்கும் அன்றுதான் பிறவிப் பயன் கிடைத்தது.

பார்சல் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஐந்தாம் மாதம். பூ, பழம், பலகாரத்தோடு அந்த நீளப் பெட்டியையும் தட்டில் வைக்க முடியாமல் தோளில் வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சம்பந்திக்குச் சீர் என்றேன். அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

நீங்கள் பெட்டியைப் பிரித்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன் சம்பந்தி. அந்த முகத்துக்காக இன்னொரு கல்யாணம்கூடப் பண்ணி வைத்திருப்பேன். கன்றுக்குட்டியிடம்கூட ஒன்றும் சொல்லாமல் நேரே கிணற்றுக்கு நடந்தீர்கள். ஊரே பின்னால் வந்தது. மழை பெய்து கிணறு ததும்பிக் கிடந்தது. கல்லில் உட்கார்ந்து மாட்டும்போதே குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் இருந்தது. எனக்குத் தெரிந்தது; உங்களுக்கும் தெரிந்தது. வந்த சீரைக் குறை சொல்லக் கூடாது என்று நீங்கள் வாயைத் திறக்கவில்லை. பேசாத சம்பந்தியிடம் முதல் பேச்சாக, பொருந்துதா என்று கேட்கக் கூடாது என்று நானும் திறக்கவில்லை. ஒன்றரை இஞ்ச் பைப்புக்கு இரண்டு இஞ்ச் காலர் போட்டால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குதித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஃபின் மேலே வந்தது. அப்புறம் இன்னொன்று வந்தது. நீங்கள் மட்டும் வரவில்லை. ஊர் சிரித்த சிரிப்பில் கிணற்றுப் புறாக்கள் எல்லாம் பறந்தன. என் வீட்டுக்காரி உத்தரகோசமங்கை ஈஸ்வரனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டாள். நீங்கள் மேலே வந்து, படியைப் பிடித்து, முகத்தை வழித்து, கன்றுக்குட்டி அங்கே இல்லாததால் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"பெருசு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர், அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும், உங்கள் செருப்பை அளந்துதான் வாங்கினோம் என்று மகள் சொன்னாள். நீங்கள் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தீர்கள். "அது எஞ் செருப்பு இல்லையே" என்றீர்கள். திருவாதிரைக் கூட்டத்தில் கோயில் வாசலில் உங்கள் செருப்பை எவனோ மாட்டிக்கொண்டு போய்விட, கடைசியாக மிஞ்சிக் கிடந்ததை நீங்கள் மாட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். மாமா காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, அவர் நடையே அப்படித்தான் என்று மகள் நினைத்திருந்தாள். ஆக, இத்தாலிக் கம்பெனி யாரோ ஒரு முகம் தெரியாத பக்தனுக்குக் கனகச்சிதமாக ஃபின் செய்து கொடுத்திருந்தது.

நான்கு நாள் கழித்து, கடையில் ஆள் கூட்டமாக இருந்த நேரம், வாசலில் நீங்கள். "அளவு குடுக்கணும்ல" என்றீர்கள். பைப் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டேன். பில் புத்தகத்து அட்டையைக் கிழித்துச் சுவரோடு வைத்தேன். நீங்கள் வெறுங்காலை அதில் வைத்தீர்கள். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பென்சிலால் கோடு இழுத்தேன். கரம்பை மண்ணில் நடந்து நடந்து விரலெல்லாம் விரிந்து, வெடித்துக் கிடந்த கால். சுண்டுவிரல் பக்கம் பென்சில் போனபோது உங்களுக்குக் கூசிவிட்டது. காலை இழுத்துக்கொண்டு சிரித்தீர்கள். மரியாதைக்குரிய மனிதருக்கு உள்ளங்காலில் கூச்சம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நீளம் கம்மி, அகலம் அதிகம் என்று டீச்சரம்மா மெயில் போட்டார். அகலக் காலுக்கென்றே தனியாக ஒன்று இருப்பதாகப் பதில் வந்தது. பழைய ஜோடி திருப்பி அனுப்பும் வழி தெரியாமல் பரணில் ஏறியது. மெயில் வந்திருக்கிறதா என்று கேட்க நீங்கள் வாரம் தவறாமல் வந்தீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து ரப்பரைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசினோம். பந்தியைப் பற்றி நீங்கள் பேசவில்லை, மகளைப் பற்றி நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி, "பிள்ளையைப் பத்திக் கேட்டீகளா?" என்பாள். ஃபின் வரட்டும் என்பேன். "புள்ளை வந்துரும் அதுக்குள்ள" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டாவது ஜோடி வந்தபோது எட்டாம் மாதம் முடியப் போகிறது. கிணறு வேண்டாம், கடலுக்கே போகலாம் என்றீர்கள். பாம்பனில் எனக்குத் தெரிந்த ஒருவரின் வள்ளத்தில் ஏறினோம். எனக்கு நீச்சல் தெரியாது. நீங்கள் காலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி மாட்டினீர்கள். சிக்கென்று உட்கார்ந்தது. விரலை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. ஒரு மூச்சு இழுத்துத் தலைகீழாகப் போனீர்கள். அந்த நீள வால் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டி மறைந்தது. என்ன அழகு சம்பந்தி!

அழகு கொஞ்ச நேரம்தான். அப்புறம் பயம். மேலே வராமல் போனால்? மருமகளின் அப்பன் வாங்கிக் கொடுத்த செருப்பு மாட்டிச் செத்தார் என்று ஊர் சொல்லுமே, என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்? நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விட்டேன், மறுபடி பிடித்தேன். "இன்னும் காணோமே" என்று வள்ளக்காரரின் கையைப் பிடித்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நீங்க முதல்ல மூச்சை விடுங்க, உங்க முகம்தான் நீலம் பாரிச்சிருக்கு என்றார்.

நீங்கள் வந்தீர்கள். வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினீர்கள். சங்கு இல்லை, சிப்பி இல்லை, வெறுங்கை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"சம்பந்தி, கீழ எம்புட்டு மீனு! பாறையில பாசி கெடக்கு. எல்லாம் வந்து திங்குது. எதையும் எதுவும் கூப்பிடலை. எனக்கு என்னமோ வெக்கமாப் போச்சு."

நான் துண்டை எடுத்து உங்கள் பக்கம் நீட்டினேன்.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். "நல்லபடியாப் பெத்துக் கொண்டாரட்டும்."

அன்றைக்குப் பாம்பன் கடையில் மீன் குழம்புச் சாப்பாடு. நான் கைகூப்பி, சம்பந்தி சாப்பிட வாங்க என்றேன். கூப்பிடுவதற்கு முன்பே நீங்கள் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டீர்கள்.

நீங்கள் கடலோடு போய்விடுவீர்கள் என்றுதான் எல்லோரும் பயந்தோம். போனது கட்டிலில், பேத்தி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. நல்லதுக்கு அழைத்துப் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமல் போக வேண்டும் என்பார்கள். ஓடி வந்தேன். உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சம்பந்தி வீட்டுச் சோறு நான்தானே கொண்டு வர வேண்டும்? ஆக்கிக் கொண்டு வந்தேன். யாரும் எழுந்து வரவில்லை. அழுது ஓய்ந்து மூலைக்கு ஒருவராகச் சாய்ந்து கிடந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் போனேன். உங்கள் வீட்டம்மாவைக் கூப்பிட்டேன், துபாயிலிருந்து ஓடி வந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிட்டேன். எட்ட நின்ற பங்காளிகளையும், குழி வெட்டி வந்தவர்களையும் கூப்பிட்டேன். ஒருவர் விடாமல் கைகூப்பிக் கூப்பிட்டேன். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு போடச் சொன்னார்கள். நான் போடச் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் யாரு வரணும் அய்யா?" என்று மகள் கேட்டாள்.

இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டிலும் என்னால் முதல் பந்தியில் உட்கார முடிவதில்லை, சம்பந்தி. பந்தல் ஓரமாக ஒரு சுற்று நடந்து, தனியாக யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். எவர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி, அவர் யாரென்று தெரியாவிட்டாலும் சரி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டுத்தான், நான் சாப்பிடுகிறேன்.