இடது ஓரத்துப் பறவைகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. கோடையில் ஏரி வற்றி நடுவரைக்கும் சேறு தெரிகிறது. அவற்றுக்கு அதுதானே வேண்டும். இந்த வருஷம்தான் என்னோடு எண்ண வரத் தொடங்கிய, ஓய்வு பெற்ற தபால்காரரும் நானும் தனித்தனியாக எண்ணிவிட்டுக் கடைசியில் நோட்டை மாற்றிக்கொண்டோம். கொசு உள்ளான் – என் கணக்கு 212. அவருடையது 291. வீட்டில் சும்மா இருக்கிறவருக்கு எல்லாமே ரெட்டிப்பாகத் தெரிகிறது என்று கிண்டல் செய்தேன்.

"டிரைவரம்மா, முப்பது வருஷம் கடுதாசி எண்ணினவன் நான். ஒண்ணு கூடினாலும் எனக்குத் தூக்கம் வராது."

சிரித்தோம். ஆனாலும் எழுபத்தொன்பது பறவை வித்தியாசம் வருமா?

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளி வாசல் தூணில் வேனின் இடது கண்ணாடியை உரசிவிட்டேன். ஒன்பது வருஷமாக அதே வாசல், அதே தூண்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றும் கணக்கு உதைத்தது. தபால்காரர் விடவில்லை, ஏரியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பிட்டோம். வலது பக்கம் இருவர் கணக்கும் அச்சாக ஒன்று. குறைவதெல்லாம் இடது பக்கம். இடம் மாறி உட்கார்ந்தோம், தொலைநோக்கியை மாற்றிக்கொண்டோம். அப்போதும் அப்படியே.

"அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் பச்சைக்காலி நிக்குது பாருங்க, கூட்டமா."

பார்த்தேன். சேறு. வெறும் சேறு. தலையை முழுதாகத் திருப்பினேன் – நின்றன. பதினான்கு.

கறுப்பாக ஏதாவது மறைத்திருந்தால் புரிந்திருக்கும். ஒன்றுமே மறைக்கவில்லை. பறவை நின்ற இடத்தில் சேறுதான் தெரிந்தது, நன்றாக, பளிச்சென்று.

"வெயில் கூசுது" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சமையலறையில் நின்று சோதித்தேன். ஜன்னல் கொக்கியையே பார்த்தபடி கரண்டியை ஓரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தேன். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி. வலது கண்ணில் கொஞ்சம் போயிருக்கிறது. இடது கண்ணில் ஓரம் என்பதே இல்லை. முகத்துக்கு அருகே வந்ததும் கரண்டி திடீரென்று முளைக்கிறது.

பட்டறைக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் வாசலிலிருந்தே கேட்டார். "கரண்டிய வச்சுக்கிட்டு யாருக்கு டாட்டா காட்டற?"

அப்பா கடைசி நாலு வருஷம் சுவரைத் தடவித் தடவித்தான் குளியலறைக்குப் போனார். கதவு நிலையில் அவர் கை பட்ட இடமெல்லாம் அழுக்கேறி இருக்கும். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று ஒருத்தரைக் கொன்றிருப்பேன்.

மாவு மில் திருப்பம். இடது பக்கம் பார்த்தேன், யாருமில்லை, திருப்பினேன். பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள் – "ஆன்ட்டி! பால்காரர்!" பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது சைக்கிளுக்கும் வேனுக்கும் ஒரு சாண். அவர் வேன் தகரத்தில் ஓங்கி அறைந்து, "கண்ணு தெரியலயா?" என்று திட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கவனிக்கல அண்ணே, மன்னிச்சிடுங்க என்றேன். பொய். கவனித்தேன். பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். சாலை காலியா இருந்துச்சு. சத்தியமா காலியாத்தான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றும் ஓட்டினேன். ஏன்டி ஓட்டின? வாயைத் திறந்து சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். நாளைக்குச் சொல்லிடலாம். நாளைக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நானூறு பறவையும் ஒரே நேரத்தில் சேற்றைவிட்டுக் கிளம்பின. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. வல்லூறு என் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. தபால்காரர் அது எதிர்க்கரையில் வரும்போதிருந்தே கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் கையையும் பார்க்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"உங்க வேலையப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. நோட்டை மூடினார். "நாளைக்குத் திங்கக்கிழமை, டிரைவரம்மா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரரையும் சேர்த்து. அவர் அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்தார். "அன்னைக்குக் கரண்டி... நீ விளையாடறன்னு நினைச்சேனே" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தலைமை ஆசிரியை மேசைமேல் வேன் சாவியை வைத்தேன்.

"லீவா?"

"இல்ல டீச்சர். இனிமே என்னால ஓட்ட முடியாது."

மாவு மில் திருப்பத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"என் பேத்தியும் அந்த வேன்லதான் வர்றா."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. எங்கள் இயற்பியல் வாத்தியாரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை அழைத்துவரச் சொன்னார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண் மருத்துவமனை. கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினேன், அமுக்கினேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்திலும் புள்ளிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா சின்னப் பெண். "கண்ணுக்குள்ள அழுத்தம். போனது திரும்ப வராது. இருக்கறத நிறுத்திப் பிடிக்கலாம், சொட்டு மருந்த ஒரு நாளும் விடாம போட்டா. வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்கு."

தம்பிக்கு போன் செய்து, உடனே போய்க் கண்ணைக் காட்டு என்றேன். "எனக்குக் கழுகுக் கண்ணு, அக்கா" என்று சிரித்தான். நான் அழுதேன். சிரிப்பு நின்றது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விழித்ததும் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன், நேற்று தெரிந்த அளவு இன்றும் தெரிகிறதா என்று. தெரிகிறது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஏரிக்குப் போகவில்லை. வருஷா வருஷம் நான் எண்களை அனுப்பிவந்த பறவைக் கணக்குக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன் – இது தொடங்கி இரண்டு வருஷமாவது இருக்கும் என்றார் டாக்டரம்மா, அந்த இரண்டு வருஷமும் நான் கொடுத்த எண்களை அடித்துவிடுங்கள், காரணம் என் கண்.

செப்டம்பர் 6, சனி

பதில் வந்தது. அந்த ஏரிக்கு வரும் பறவைகள் குறைந்துகொண்டே போவதாகப் பதிந்து வைத்திருந்தார்களாம். திருத்திக்கொள்கிறார்களாம். ஆக, பறவைகள் குறையவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. கடிதத்தை மடித்துப் பறவை நோட்டுக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பிள்ளைகளை ஏற்றி இறக்க வேனில் ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று தலைமை ஆசிரியை கேட்டனுப்பியிருந்தார். போனேன். புது டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை; பின்னால் பிள்ளைகளோடு. மாவு மில் திருப்பத்தில் அவர் வண்டியை முழுக்க நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார்.

பள்ளி வாசலில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். பதினாறு. தலையை இடது பக்கம் முழுதாகத் திருப்பி, வலது பக்கம் திருப்பி, மறுபடியும் எண்ணினேன். பதினாறு.