எண்பது கிலோ ஹைட்ரஜன்

14 நவம்பர் 2044, திங்கள். காலை 8.10
நிலையம் 7, வேம்பார் கடலோரச் சாலை. பணியாளர் ரெஜினா, தனியாக. அலுவலகத்துக்கு அனுப்பிய இருப்பு: 80 கிலோ. உண்மையான இருப்பு: 5 கிலோ.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம் செப்டம்பரிலேயே படுத்துவிட்டது. இருப்புமானியும் போய்விட்டதால் அளவைக் கையால் எழுதி அனுப்புகிறேன். பழுது என்று சொன்னால் மானியம் நின்றுவிடும். அலுவலகத்தில் இருந்தபடியே என் வால்வைப் பூட்டிவிடுவார்கள். தினமும் ஒரு வண்டிக்காவது நிரப்ப வேண்டும் என்பதும் மானிய விதி. எனக்கு வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அவர் வராத நாளில் நிலையத்துக் காருக்கு அரை கிலோ நிரப்பி, உப்பளப் பாதையில் ஓட்டித் தீர்த்துவிட்டு வருகிறேன். மூன்று வருடமாக இதே பிழைப்பு. அலுத்துவிட்டது.

16 நவம்பர், புதன். காலை 7.20
என் ஒரே வாடிக்கையாளர் லூர்து அண்ணாச்சி வந்தார். 1 கிலோ. மீதி இரண்டரை.

அரசு பாதி விலையில் தருகிறது என்று துறைமுக வேலையில் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஹைட்ரஜன் கார் வாங்கியவர். மறுவருடமே சலுகை மொத்தமும் பேட்டரிக் காருக்குப் போய்விட்டது. ஒருமுறை சலுகை வாங்கியவர் பன்னிரண்டு வருடத்துக்கு வண்டியை விற்கவும் முடியாது, வேறு சலுகை கேட்கவும் முடியாது. அதற்குள் அவர் மனைவி செசிலி மதினிக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. திங்கள், புதன், வெள்ளி தூத்துக்குடியில் டயாலிசிஸ். போக வர நூறு கிலோமீட்டர்.

அவர் காரின் புகைக்குழாயில் தண்ணீர்தான் சொட்டும். எதிரே சார்ஜ் போடும் கொட்டகையில் இருப்பவர்கள் டயப்பர் கட்டச் சொல்லிக் கேலி செய்வார்கள். அண்ணாச்சியும் சிரித்துவைப்பார். உண்மையைச் சொன்னால், கார் வாங்க வசதி இருந்தால் நானும் பேட்டரிதான் வாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது, "கேஸ் தீரப்போவுதுன்னா முன்னாலயே சொல்லிரும்மா, நான் வேற வழி பாக்கேன்" என்றார். நிறைய இருக்கிறது என்றேன்.

17 நவம்பர், வியாழன். காலை 11.40
விடியற்காலையில் புயல் கரை கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை மின்சாரம் இல்லை. எதிர்க் கொட்டகையில் பதினோரு பேட்டரிக் கார்கள் செத்து நிற்கின்றன. இன்று கேலி செய்ய யாருக்கும் மனமில்லை.

குழாய்க்கு மின்சாரம் வேண்டாம், தொட்டியின் அழுத்தமே போதும். மழையிலேயே நிலையத்துக் காருக்கு அரை கிலோ நிரப்பி, உப்பளம் வரை போய் ஓட்டித் தீர்த்துவிட்டு வந்தேன். கடைசி நூறடி தள்ளித்தான் கொண்டுவந்தேன். இந்தப் புயலிலுமா என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது. மீதி இரண்டு கிலோ.

17 நவம்பர். மாலை 3.15
வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை:
"ஏழாம் நிலையம், உங்க இருப்பு எண்பது கிலோன்னு காட்டுது. உறுதிப்படுத்துங்க."

இல்லை என்றால் உடனே பூட்டுவார்கள். நாளை வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள்; ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. ஒருமுறை தவறினாலே மதினிக்கு மூச்சு வாங்கும்.
"இருக்கு" என்றேன்.
நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். எதற்குக் கேட்டார்கள் என்று நானும் கேட்கவில்லை.

17 நவம்பர். மாலை 5.30
கூரை ஒழுகி வயர்லெஸ்ஸில் தண்ணீர் இறங்கிவிட்டது. அவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை. கைபேசிக் கோபுரமும் காலையிலிருந்து இல்லை.

18 நவம்பர், வெள்ளி. காலை 7.30
விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி வந்துவிட்டார். 1 கிலோ நிரப்பினேன். முன் இருக்கையில் மதினி, முகமெல்லாம் வீங்கியிருந்தது. கையசைத்தார். "நீ இல்லன்னா இவ இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக.

மீதி ஒரு கிலோ கணக்குக்குத்தான். அழுத்தம் போதாது, குழாய்க்கு ஏறாது.

18 நவம்பர். காலை 9.05
வயர்லெஸ்:
"எல்லா ஆம்புலன்ஸுக்கும் அறிவிப்பு. பேட்டரி வண்டி எதுவும் ஓடாது. ஹைட்ரஜன் வண்டி நாலும் நோயாளிகளோட நேரா ஏழாம் நிலையத்துக்குப் போங்க. அங்க எண்பது கிலோ இருக்கு, நேத்தே உறுதிப்படுத்தியாச்சு. நிரப்பிட்டு அப்படியே தூத்துக்குடிக்குப் போயிரலாம்."

கத்தினேன். போகவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன்.

18 நவம்பர். காலை 9.12
வழியிலேயே மறித்துத் திருப்பிவிடலாம் என்று நிலையத்துக் காரில் ஏறினேன். கிளம்பவில்லை. நேற்று மழையில் நானே ஓட்டித் தீர்த்தது.

சாலையில் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்றுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

18 நவம்பர். காலை 9.48
முதல் வண்டி குழாயடியில் நிற்கிறது. பின்னால் இன்னும் மூன்று. இங்கே வந்து சேரும் அளவுக்குத்தான் அவற்றில் இருந்திருக்கிறது. டிரைவர் தானே இறங்கி மூடியைத் திறந்து வைத்திருக்கிறார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்:

"அக்கா, உள்ள புள்ளத்தாச்சி கெடக்கா. என்னக்கா எழுதிட்டிருக்கீங்க, மொதல்ல போடுங்க."

எழுதி முடித்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன்.

18 நவம்பர். காலை 9.50
வந்த வண்டிகள்: 4
நிரப்பியது: 0
குழாய்க்கு ஏறும் இருப்பு: இல்லை. உற்பத்தி: செப்டம்பரிலிருந்தே இல்லை