நான்கு வயதைக் காணோம்

பாலோ,
செவ்வாய்க்கிழமை

அண்ணனுக்கு,

பதினெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் கேட்க அல்ல.

அறுபது வயதானவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் உதவிப் பணத்துக்கு இன்று மனுப் போடப் போனேன். அரிசிக்கும் மருந்துக்கும் அதைத்தான் நம்பியிருந்தேன். அங்கிருந்த பெண் என் அடையாள கார்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு அம்பத்தெட்டுதான் ஆவுது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு லா" என்றாள்.

"எனக்கு அறுபத்திரண்டும்மா! கார்டு நம்பர தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"அந்த நம்பர்ல மொத ரெண்டுதான் பாட்டி நீங்க பொறந்த வருஷம்."

முப்பது வருடத்துக்கு மேலாக ஒப்பித்த எண்ணில் என் வயது இருப்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கார்டே இல்லாத என்னைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் குளுவாங் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போய் வயதைச் சொன்னது நீங்கள். மாப்பிள்ளை என்னைவிட இளையவர் என்பதை மறைக்க நான்கு வருடத்தைத் தின்றுவிட்டீர்கள். அவரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அந்தக் கல்யாணத்துக்குத் தங்கம் என்று நீங்கள் போட்ட வளையல் கறுத்ததையே நான் இன்னும் மறக்கவில்லை.

வயதைத் திருத்த, நான் பிறந்தது தெரிந்த ஒருவர் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நம் வீட்டில் மிச்சம் நீங்கள் மட்டும்தான்.

உங்களுக்குக் கால் புண் ஆறவில்லை என்று கேள்விப்பட்டேன். சர்க்கரை ஊசியைப் போடாமலே போட்டதாகச் சொல்கிறீர்களாம். அங்கேயும் பொய்யா? ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். வர முடியாவிட்டால் நானே நீங்கள் இருக்கும் கோத்தா திங்கிக்கு பஸ் ஏறி வருகிறேன். கையெழுத்துப் போடும்வரை நீங்கள் சாகக் கூடாது.

இப்படிக்கு,
உங்களால் இளையவளாகிப்போன தங்கை